பாதியில் கரண்டு போனால்

விமலகுமாரி ஒரு காரியத்தைப் பிடித்தால் பிடித்ததுதான். கெஞ்சினாலும் விடமாட்டாள், மிரட்டினாலும் விடமாட்டாள். அமரவிளையில் அவளைக் கட்டிக்கொண்ட ஜெயதாஸ் இதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டான். புத்திசாலி, அதன்பிறகு குறுக்கே நிற்கவில்லை. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ராஜையாவுக்குத்தான் அது உறைக்க நாளானது.

அந்த சென்டரில் விமலா டீச்சர். தொண்ணூற்றொன்பதில், வகுப்பு போக மிச்ச நேரத்தில் அவள் செய்த வேலை ராஜையாவுக்குச் சுத்தக் கிறுக்காகப் பட்டது. மேரிகோல்டு என்று ஒரு மென்பொருள். வெப்சைட் கட்ட உதவுவது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதினார்கள். யாரும் சும்மா எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். நல்ல சாமான்தான். ஆனால் அதை எப்படி நிறுவுவது, எப்படிப் புழங்குவது என்று சொல்ல உருப்படியான கையேடு கிடையாது. "நான் எழுதுகிறேன்" என்று விமலா ஈமெயில் அனுப்பிவிட்டாள். எளிய இங்கிலீஷில் எழுதுவதோடு, படங்களைச் சேர்த்து, சுருக்கி, ஒரே ஃபிளாப்பியில் அடங்கும்படி கட்டிக் கொடுப்பதும் அவள் பாடு. இன்டர்நெட் இல்லாதவர்கள் கையோடு கொண்டுபோக வேண்டுமே!

"சம்பளம் உண்டா டீச்சரே?" என்று கேட்டார் ராஜையா.

"இல்ல."

"பின்ன எதுக்காக்கும் இந்தப் பாடு?"

"யாராவது எழுதண்டாமா? அதுக்காக்கும்."

கையேடு முடிந்ததும் பெருங்கடவிளையிலிருந்து படிக்க வரும் பிரசீதாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். கையேட்டைப் பார்த்து அந்தப் பெண்ணே மேரிகோல்டை நிறுவ வேண்டும். டீச்சர் வாயே திறக்கமாட்டாள். பிரசீதா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, பாதி தூரம் நன்றாகவே போனாள். சரியாக அப்போது லோட்ஷெட்டிங். சென்டரில் யு.பி.எஸ். இருந்தது ராஜையாவின் மேசைக்கு மட்டும்.

கரண்டு வந்தபிறகு மறுபடி தொடங்கினால், ஏற்கெனவே நிறுவியாயிற்று என்கிறது திரை. சரி, ஓட்டலாம் என்றால் ஓடவும் மாட்டேன் என்கிறது. கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. பிரசீதாவுக்கு முகம் செத்துவிட்டது. "நான் கெடுத்துப்போட்டேன் டீச்சர்" என்று பையை எடுத்துக்கொண்டு போனவள் அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

விமலாவுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. பஸ் ஏறி பிரசீதாவின் வீட்டுக்கே போனாள்.

"எனக்கு இது ஒக்காது டீச்சர். நான் தொட்டா கெட்டுப்போவும்."

"நீ ஒண்ணையும் கெடுக்கல்ல மக்கா. நான் எழுதினதுலயாக்கும் குறை. அத நான் சரியாக்குவேன். நீ வா."

அந்தப் பெண் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சென்டரில் இருப்பதிலேயே பழைய கம்ப்யூட்டரை விமலா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேரிகோல்டை நிறுவத் தொடங்குவாள். முதல் படியில் பிளக்கைப் பிடுங்குவாள். மறுபடி தொடங்கி, இரண்டாம் படியில் பிடுங்குவாள். எந்த இடத்தில் நின்றால் திரையில் என்ன வருகிறது, எந்தக் கோப்பை அழித்தால் திரும்ப வழிக்கு வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். ராஜையா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எனக்க மெஷினைக் கொல்லுதியே பிள்ளே! ஒனக்கு வட்டா, கிறுக்கா?"

"செத்தா இன்னொண்ணு தாங்க" என்றாள், திரும்பியே பார்க்காமல்.

இப்படிப் பிறந்ததுதான் 'பாதியில் கரண்டு போனால்' என்ற அத்தியாயம். ஒவ்வொரு திரைக்கும் படம் வைத்திருந்தாள், பயந்துபோன பிள்ளைக்குப் பார்த்ததும் இடம் தெரியவேண்டும் என்று. இப்போது ஃபிளாப்பியில் கையேடு அடங்கவில்லை.

வெளியீட்டுக்குப் பொறுப்பான நார்வேக்காரர் மரியாதையாகத்தான் எழுதினார்: அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் ஊரில் கரண்டு போனாலே பேப்பரில் செய்தி வரும். கூடவே, முன்பக்கத்தில் போட்டிருக்கும் ஆசிரியர் அறிமுகமும் படமும் மிக அழகு என்று பாராட்டியிருந்தார்.

அந்தப் படம் ஜெயதாஸின் ஏற்பாடு. கல்யாணப் பட்டு உடுக்கவைத்து, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், கலரில் எடுத்தது. உலகம் முழுக்க விமலாவின் முகம் போகப்போகிறது என்று சர்ச் சபையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லியும்விட்டான். அவளுக்கும் அதில் கொள்ளை ஆசைதான்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, படம் பெயர் அறிமுகம் எல்லாம் சேர்ந்து ஒரே கலர்ப் படமாக இருந்த அந்த முன்பக்கத்தை முழுசாக அழித்துவிட்டு மறுபடி கட்டினாள். ஃபிளாப்பியில் அடங்கியது. 'இடப்பிரச்சினை தீர்ந்தது, அத்தியாயம் இருக்கும்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். நார்வேக்காரர் மறுபேச்சில்லாமல் வெளியிட்டார்.

புதிய பதிப்பு வந்த அன்று ஜெயதாஸ் ஆசையாக சென்டருக்கு வந்து, கையேட்டைத் திறந்து, மேலும் கீழும் தேடினான்.

"உனக்க போட்டோ எங்க?"

"எடுத்துட்டேன். பேரையும்."

"எதுக்கு விமலா? எல்லாருட்டயும் சொல்லிட்டேனே! உனக்கு வெசனம், வெப்ராளம் ஒண்ணும் இல்லியா?"

"உண்டு. நல்லாவே உண்டு" என்றாள். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. "ஆனா அந்தப் பாடத்த எடுத்துட்டு எனக்க மூஞ்சிய வச்சிருந்தா, கரண்டு போயி ஒரு பிள்ள அழுதுட்டு இருக்கிய நேரத்துல, நான் பட்டும் உடுத்து அதப் பாத்து சிரிச்சிட்டு இருக்கவா?"