களவெட்டியில் இறங்கிய பத்தினிப்பிள்ளை

“ஒரு ஆம்பிளையக் கூட்டி வாங்க மச்சான், நான் கால எடுக்கன்!”

பத்தினிப்பிள்ளை களவெட்டியின் நடுவில் எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெல் மிதிக்கும் அந்த வட்டத்துக்குள் பெண் கால் வைப்பதில்லை. அவளுக்கு மச்சான் முறையானவரும் அந்த வயல்வெளியை மேற்பார்ப்பவருமான வட்டை விதானை இளையதம்பி, பேயறைந்த முகத்தோடு வரம்பில் நின்றார்.

“பூதம் விளைச்சலை அள்ளிட்டுப் போயிரும்கா மச்சாள்.”

“பூதம் நெல்லைத்தானே கொண்டு போகும்? என்ட ரெண்டு பிள்ளையளக் கொண்டு போனது ஆரு? அதுக்கு நீங்க என்ன மந்திரம் ஓதினீங்க?”

அவள் மூன்று ஆணாகப் பெற்றபோது வெல்லாவெளி ஊரே பொறாமைப்பட்டது. ‘ஆறு கை வளருது, உனக்கென்ன’ என்றார்கள். பாம்பு கடித்துப் புருசன் கனகசூரியம் செத்த அன்றும் அதையே சொல்லித்தான் அவளைத் தேற்றினார்கள். கைகள் வளரத்தான் செய்தன. வீட்டுக்கு வீடு வளர்ந்தன. சந்தியில் நிற்க இடமில்லாமல் மீசை முளைத்தவர்கள் நிறைந்தார்கள். வேலைதான் வளரவில்லை. இருந்த வட்டை அதே வட்டை. மூத்தவன் வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு மனுப் போட்டு அலைந்தான். ஒருநாள் வழியில் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. மதகில் சும்மா குந்தியிருந்த நடுவிலானைச் சண்டைக்கு ஆள் சேர்த்த இயக்கம் கூட்டிப்போனது. “ஆள் எடுக்கிற ஒரே கொம்பனி அதுதான்” என்று அவள் சொல்லித் திரிந்ததற்கு, இரண்டு பேர் வந்து எச்சரித்துவிட்டும் போனார்கள்.

மிஞ்சியவன் கடைக்குட்டி இராசதுரை.

நிவாரணக் கூட்டமொன்றில் கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர், உழைக்கிற வயதில் இத்தனை பேர் இருப்பது நாட்டுக்குப் பெரிய சொத்து என்று பேசினார். பத்தினிப்பிள்ளை எழும்பினாள்.

“சொத்தெண்டா பூட்டி வையுங்க ஐயா. இஞ்ச கண்டவனெல்லாம் களவெடுக்கான்.”

சனம் சிரித்தது. ஐயா தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் ஏஜென்சிக்காரன் அருமைநாயகத்தைப் பிடித்தாள். மாசி முடிவதற்குள் காசு கட்டினால் மகன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகலாம். காசு வயலில் கதிராக நின்றது. இராசதுரையை வயலில் இறக்கினால் எவனாவது கொண்டுபோவான் என்று அவனை வீட்டு அறைக்குள்ளேயே வைத்திருந்தாள். கூலிக்கும் ஆளில்லை, ஊரில் மிச்சமிருந்த இளந்தாரிகளும் அப்படித்தான் ஒளிந்து கிடந்தார்கள். டீசல் வராததால் மெஷினும் இல்லை. அவளும் பக்கத்து வளவுப் புஸ்பமும் கதிரை வெட்டிப் போராகக் குவித்துச் சூடு வைத்தார்கள். அடுத்தது மிதிப்பு. அதற்குத்தான் இந்தச் சண்டை.

இளையதம்பி ஊர்ப்பக்கம் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் முதுகைத் திருப்பிக்கொண்டு வரம்பில் குந்தினார்.

“நான் ஒண்டும் காணல்ல.”

“அப்பிடியே இரிங்க. முழு ஊரும் அப்பிடித்தான் இரிக்கு.”

எருமைகள் சுற்றத் தொடங்கின. கொஞ்ச நேரம் போக, திரும்பாமலே அவர் கேட்டார்:

“அங்க போய் என்ன வேலையாம் பொடியனுக்கு?”

“கட்டடம் கட்டுற வேலையாம். பெத்தவள் நான், சோறு போட்டது இந்த வட்டை. எழும்பப் போறது ஆரோ ஒருத்தன்ட ஊரு.”

“திரும்பி வருவான்தானே?”

“உசிரோட கிடந்தாப் போதும். இஹ், இஹ்... நடவுங்க மாடே!”

பூதம் வரவில்லை. நெல்லை வாங்க வந்தவன் அரைவிலைக்கு அள்ளிப்போனான். காசை அருமைநாயகம் வாங்கிப்போனான். மாசிக் கடைசியில் மண்டூர்த் துறையால் ஆறு கடந்து, கல்முனையில் மகனைக் கொழும்பு பஸ் ஏற்றினாள். அதற்கு முன் அவனுக்கு ஒரு பயணப்பெட்டி வாங்கினாள். அவனுடைய இரண்டு சட்டையும் ஒரு சாரமும் வைத்த பிறகும் பெட்டிக்குள் பாதி வெறுமையாகக் கிடந்தது. எவ்வளவு மன்றாடியும் பெட்டி விலையில் கடைக்காரன் ஒரு சதம்கூடக் குறைத்திருக்கவில்லை. முந்நூற்றெண்பது ரூபா.