சர்வரை அணைக்க விடாத சனிக்கிழமை

புளித்த கிழங்குத் தண்ணீர் வாசம். ஏசி போட்டுக் கதவைச் சாத்தினாலும் அந்தச் சின்ன ரூமுக்குள் வந்துவிடும்...

ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில். எடைமேடைக்குப் பின்னால் அந்த ரூம். உள்ளே ஒரே ஒரு சர்வர். அதற்குள் நான்கு விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே வீட்டில் நான்கு குடும்பம் குடியிருப்பது போல. எடைமேடைக்கு ஒன்று, கிழங்கில் எவ்வளவு மாவு என்று சொல்லும் பாயிண்டைப் பதிய ஒன்று, மற்ற இரண்டும் ஆபீஸுக்கு. நான்கையும் கட்டி மேய்க்க ஒரு சர்வீஸ். அந்த சர்வீஸை மேய்ப்பது நான்.

எந்தக் காலேஜும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. எடைச்சீட்டு எழுத வந்தவன், தப்புத் தப்பாகத் தட்டித்தான் கற்றுக்கொண்டேன். இன்றுவரை அதைக் குத்திக்காட்டுகிறவர்கள் உண்டு. காட்டட்டும்.

அமாவாசைக்கு மில் ஓடாது. அன்றுதான் நான்கு மெஷினுக்கும் பேக்கப் காப்பி எடுப்பேன். மறுநாள் பழைய காப்பியை அழிப்பேன். அந்த மாதம் மறுநாள் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா எதையும் அழிக்காதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

நானும் தலையாட்டினேன். வாழ்க்கையில் நான் தலையாட்டிய ஒரே தடவை அதுதான்...

சனிக்கிழமை காலை பத்து மணி. ஸ்கிரீனில் மெஷினுக்கு ஒன்றாக எரியும் நான்கு பச்சைப் புள்ளியும் காணோம். சர்வீஸ் பதில் சொல்லவில்லை. வெளியே ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த கிழங்கு லாரிகள் ரோடு வரைக்கும். பறித்த கிழங்கு காத்துக் கிடந்தால் கறுத்துப்போகும். கறுத்தால் எந்த மில்லும் வாங்காது.

முதலாளி சர்வர் விற்ற சேலத்து டீலருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அங்கிருந்த இன்ஜினியர், "சர்வரை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்.

முதலாளியின் விரல் பட்டன் மேல்.

"தொடாதீங்க!" கத்தியே விட்டேன்.

"ஏனுங்க, படிச்சவரு சொல்றாரு... நீங்க குறுக்க நிக்கறீங்க?"

"சர்வீஸுங்கற மேஸ்திரிதானுங்க மயங்கிக் கெடக்கறாரு. ஆளுங்க வேல பாத்துட்டுத்தான் இருக்கறாங்க. அதுக்காக மில்லையே பூட்டுவீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் எடைச்சீட்டு பிரிண்டர் கர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை மெஷினுக்கு உயிர் இருக்கிறது. சர்வரை அணைத்துவிட்டு, அப்புறம் சர்வீஸ் எழவில்லையென்றால்? நான்கும் எழாது. எடைமேடை அம்போ.

"லாரி நின்னுச்சுன்னா டிரைவருங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

"சொல்றனுங்க. கையை எடுங்க."

எடுத்தார்.

சர்வீஸின் லாக் ஃபைலைத் திறந்தேன். டிஸ்கில் இடமில்லை, துளிகூட. இரண்டு மாதக் காப்பியும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. பழையதை அழித்தேன். சர்வீஸை மட்டும் மறுபடி ஓடவிட்டேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நான்காவது பச்சையும் வந்தது. பிரிண்டர் ஒரு நொடி கூட நிற்கவில்லை. அப்பாடா! அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

முதலாளி போனில், "சரி பண்ணிட்டமுங்க" என்றார். பண்ணிட்டமாம்! பட்டன் மேல் விரல் வைத்ததும் அதில் சேர்த்தி போலிருக்கிறது.

இப்போது எல்லாம் கிளவுடில். இடம் குறைந்தால் தானாக மெசேஜ் வருகிறது. யாரோ எங்கிருந்தோ சரிசெய்கிறார்கள். அமுக்குவதற்குப் பட்டனே இல்லை. நிம்மதிதான், மறுக்கவில்லை...

ஆனால் அவர்கள் செய்வது தப்பென்று தெரிந்தாலும் புகார் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அன்று சண்டைக்கு எதிரே ஒரு மனுஷன் நின்றார். முறைத்துக்கொண்டாவது சொன்னதைக் கேட்டார்.