அரக்குப் பெட்டி

எங்கள் வார்டில் கட்சி என்றால் இரண்டுதான். ஒன்று வக்கீல் கட்சி, மற்றது அரிசி மண்டிக்காரர் கட்சி. முனிசிபல் தேர்தலில் இந்தத் தடவை அவர், அடுத்த தடவை இவர் என்று மாறி மாறி ஜெயிப்பார்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது செல்லூர்த் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. ஜெயித்த பிறகு எங்கள் தெரு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே இருவருக்கும் மறந்துபோகும்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவோம். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்கிற வேலை அது. வீட்டுக்குள் அவ்வளவு நீள இடம் யாருக்கு இருக்கிறது? வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். அதுவரை வண்டி வரக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பாவு நீட்டுவது போக்குவரத்துக்கு இடைஞ்சல், அதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் மண்டிக்காரர். எங்கள் தெரு வழியாகப் போனால் அவருடைய மூட்டை வண்டிகளுக்குச் சுற்று குறையும். வக்கீலிடம் போய் நின்றோம். "பார்க்கலாம்" என்றார். அவர் எதையும் பார்க்கப் போவதில்லை என்பது படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது.

"மூணாவதா ஒருத்தன் நின்னாத்தேன் ரெண்டு பேருக்கும் புத்தி வரும்" என்று முதலில் சொன்னவன் நான். எனக்குச் சாயப்பட்டறை. வாயும் கொஞ்சம் நீளம். என் மனைவியின் அண்ணன் பாவு வேலையில் கெட்டிக்காரர். காலையெல்லாம் பாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே இருப்பார். தடை வந்தால் முதலில் பிழைப்புப் போவது அவருக்குத்தான். அந்த மச்சானையே நிறுத்தினோம்.

வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. எங்கள் தெரு ஓட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. ஆகவே கண்மாய்க்கரைத் தோட்டக்காரர்களிடம் போனோம். பாதை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவர்களும் இரண்டு கட்சிகளின் மேலும் கடுப்பில் இருந்தார்கள். அவர்களில் பெரிய தோட்டக்காரர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆளுக ஓட்டு பூராவும் ஒங்களுக்குத்தேன், தைரியமாப் போங்கண்ணே" என்றார். மச்சான் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி வைப்பார்கள். மண்டிக்காரருக்குச் சிவப்பு, வக்கீலுக்கு மஞ்சள். எங்கள் முறை வந்தபோது பச்சையும் நீலமும் அரக்கும் மிச்சமிருந்தன. மச்சான் பச்சை என்று வாயெடுத்தார். நான் விடவில்லை. அந்த வருஷம் என் பட்டறையில் அதிகம் ஓடிய நிறமே அரக்குதான். சேலை எடுக்க வருகிற பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் அரக்கு இருந்தால் குழம்பாதா என்று ஆபீஸ் குமாஸ்தாகூடக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லும். அரக்குச் சாயமிட்ட நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, "இந்த நிறப் பெட்டி" என்று தோட்டம் தோட்டமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மண்டிக்காரர் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் பெட்டியில் எங்கள் தெரு ஓட்டுத்தான் இருந்தது. தோட்டக்காரர்கள் ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை என்று மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே தோட்டத்துக்குப் போய், "விலை போயிட்டீங்களாய்யா?" என்று கத்தினேன். பெரிய தோட்டக்காரர் மடியிலிருந்து நான் கொடுத்த நூலை எடுத்து நீட்டினார்.

"இந்தா பாருங்க, இந்தச் செவப்புலதான போடச் சொன்னீங்க? அம்புட்டுப் பேரும் அதுலதேன் போட்டோம்."

ஓட்டுப் போட்ட பள்ளிக்கூட அறையில் ஒரே ஒரு சன்னல். பெட்டிகள் மறைப்புக்குப் பின்னால் அரை இருட்டில் இருந்தன. அவர் கண்ணுக்கு நூலும் சிவப்பு, பெட்டியும் சிவப்பு. விஷயம் விளங்கியதும் மனுஷர் என்னைவிட இடிந்துபோனார். மண்டிக்காரரை ஜெயிக்க வைத்தது தாங்கள்தான் என்று தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. பச்சையை வேண்டாம் என்றவன் நானல்லவா?

தடை வந்தது. வைகை மணலுக்குப் பாவைச் சுமந்துபோய் நீட்டினோம். காற்றடித்தால் மண், ஆற்றில் தண்ணீர் வந்தால் அதுவும் இல்லை. வேலை பாதியாகி, மச்சான் மில்லில் சேர்ந்தார். தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். பெரிய தோட்டக்காரர் எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு தெருவில் திரும்புவார். அதைப் பலமுறை கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியும் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வந்தன. போன தடவை எங்கள் ஓட்டு வக்கீல் பக்கம் சாய்ந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று இருவருமே கணக்குப் போட்டிருந்தார்கள். பாவு நீட்ட நானாச்சு என்றார் ஒருவர். பாவைக் கட்டத் தெருக்கோடியில் கல்லே நட்டுத் தருகிறேன் என்றார் மற்றவர். வக்கீல் ஜெயித்தார், தடை போனது. மூன்றாவது ஆள் ஜெயிக்க வேண்டியதில்லை, நின்றாலே போதும் என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். ஆனால் நின்ற ஆளை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மறுபடி தெருவில் பாவு நீட்டிய அன்று காலையில் மச்சானைக் கூப்பிடப் போனேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் எதுக்கு மாப்ள? நம்ம தெருவத் தாண்டி ஒரு பய மதிக்காத ஆளு நான்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. நூல், பெட்டி, தோட்டக்காரர் கும்பிட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவுங்க எனக்குத்தேன் போட்டாங்களா?"

"ஆமா மச்சான். அம்புட்டுப் பேரும்."

ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்தார். மில் சங்கு ஊதியது. அதைக் காதில் வாங்காமல், கண்மாய்க்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். நானும் வருகிறேன் என்று பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.