மேப்பு அறிந்த மாநகரம்

அந்தக் குடும்பத்தில் எவரும் மாநகரத்துக்குத் தனியே போவதில்லை. மேப்புதான் அழைத்துப் போக வேண்டும். தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கும் அவருக்கு, ஊர் வரைபடமே இவர்தான் என்று அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் அவருடைய மனைவி. அவள் கேலியாகத்தான் சூட்டினாள். அவர் அதை விருதாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

உண்மையில் அவர் அறிந்த மாநகரம் ஒரே ஒரு தெரு. உதிரி பாகம் தீரும்போதெல்லாம் ஊரிலிருந்து பேருந்தில் கிளம்பி, மாநகரத்தின் டெர்மினஸில் இறங்குவார். அதன் பின்புறத் தெருவில் ஊசியும் பாபினும் பெல்ட்டும் வாங்கிக்கொண்டு, இறங்கிய இடத்திலேயே ஏறித் திரும்புவார். இந்த மாபெரும் அனுபவத்தின் பலத்தில், மாநகரத்தின் எந்த மூலையையும் டெர்மினஸிலிருந்துதான் அடைய முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

மனைவியின் தங்கைக்கு மாநகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து வேலைக்கான தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஜன்னலில்லாத பரிசோதனை அறையில், முதலாளியின் ஏச்சைக் கேட்டபடி ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து வந்தவளுக்கு அங்கிருந்து தப்பிக்க அது ஒன்றே வழி. பத்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவோம், பிறகு வருபவர் யாராயினும் அனுமதியில்லை என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அவள் ரயிலில் இடம் பதிந்திருந்தாள். மேப்புக்கு அதுவே பிடிக்கவில்லை. மாநகர ஸ்டேஷனில் இறங்கியதும், கைப்பையை மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தைக் கடக்கும் மேம்பாலத்தில் அவர் முன்னே நடந்தார். பாலத்தின் உச்சியில் அவள் நின்றுவிட்டாள்.

“மாமா, அதோ பாருங்க. ஆஸ்பத்திரி போர்டு.”

“அது கிளையா இருக்கும். பேசாம வா.”

“அதே பேருதான் மாமா. நடந்தே போயிடலாம்.”

“இந்த ஊரைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? முதல்ல டெர்மினஸ். அங்க பதினேழாம் நம்பரைப் பிடிச்சா வாசல்லயே இறக்கி விடுவான்.”

“யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே?”

“வழி கேட்டா வெளியூர்னு கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம் தலையில மிளகாய் அரைச்சுடுவாங்க.”

அவர் பையைப் பிடித்திருந்த பிடியிலேயே அவர் வெளியூர் என்பது பாலத்தில் போன அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மெட்ரோவில் ஏறவும் மறுத்தார். “பூமிக்குள்ள போறவனுக்குக் கிழக்கு எது, மேற்கு எதுன்னு என்ன தெரியும்?” டாக்ஸியோ அவர் கருத்தில் கொள்ளைக்காரர்களின் தொழில், ஒரு டாக்ஸியிலும் ஏறிப் பார்க்காமலே அவர் எட்டிய உறுதியான கருத்து அது.

அக்காவின் கணவர். எதிர்த்துப் பேசினால் அது அக்காவின் தலையில்தான் விடியும். அவள் அவர் பின்னாலேயே நடந்தாள். நெரிசலில் நசுங்கியபடி ஒரு பேருந்தில் டெர்மினஸ் போய்ச் சேர்ந்தார்கள். மேப்பு வெற்றிப் பெருமிதத்துடன் நடைமேடைகளைச் சுற்றி வந்து, பதினேழாம் எண் பேருந்தைக் கண்டுபிடித்து, ஜன்னலோர இருக்கையில் அமர்ந்தார்.

நடத்துநர் வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்க, நீங்க இப்பத்தான இதே வண்டியில ஸ்டேஷன்ல ஏறி வந்தீங்க?”

“ஆமா. இப்ப ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட்.”

“ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இல்ல இருக்கு! திரும்ப அங்கதான் போறோம். என்னங்க, எங்க பஸ்ஸு மேல அவ்வளவு ஆசையா?”

பின்னிருக்கையில் சிரிப்பு வெடித்தது. மேப்பு அசரவில்லை. “எதுக்கும் ஒரு முறை இருக்கு. டெர்மினஸ்ல இருந்து கிளம்பினாத்தான் சரியா போய்ச் சேர முடியும்.”

“வண்டி எப்ப எடுப்பீங்க?” என்றாள் அவள்.

“டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார்மா.”

அவள் எழுந்து இறங்கினாள். வெளியே நின்ற டாக்ஸியின் கதவை அவள் திறந்தபோது, மேப்பு பேருந்து ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். சீட்டு வாங்கிவிட்ட இருக்கையை விட்டு எழ அவருக்கு மனம் வரவில்லை.

“தனியாவா போறே? உங்க அக்கா கேட்டா நான் என்ன சொல்றது?”

“டெர்மினஸ் வரைக்கும் பத்திரமா கொண்டுவந்து விட்டேன்னு சொல்லுங்க மாமா.”

அவள் டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஓட்டுநரிடம் இடத்தைச் சொன்னாள். பத்து மணிக்குள் போயாக வேண்டும் என்றாள். அவர் கொள்ளையடிக்கவும் இல்லை, கதை பேசவும் இல்லை. இரண்டு சந்துகளில் புகுந்து புறப்பட்டு மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். காவலாளி கதவை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள். மிஞ்சியிருந்த இடைவெளியில் உடம்பைச் சாய்த்து உள்ளே நுழைந்தாள்.

“நீதான்மா கடைசி,” என்று தாழ்ப்பாளைப் போட்டார் காவலாளி. “கூட யாராச்சும் வந்திருக்காங்களா? வந்திருந்தா அந்தப் பக்கம் பெஞ்சுல உட்காரச் சொல்லணும்.”

அவள் மூச்சு வாங்கியபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“யாரும் வரலைங்க,” என்று சொல்லிவிட்டு, தேர்வு அறை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.