அருமைநாதன்ர காரில கோல் அறுகிறது

நாசமாப் போன புளூடூத்! அருமைநாதன் ஸ்டியரிங்கில ஓங்கிக் குத்தினார். ஹோர்ன் அலறினது. இல்-பிசார் மாதிரி அமைதியான இடத்தில சனிக்கிழமை காலமை ஹோர்ன் அடிச்சால், பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மதாம் யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பா. பார்க்கட்டும்! ஆருக்குப் பயம்?

மகள் வினோஜா கோவிச்சுக்கொண்டு நகரத்துக்குள்ள கோட்-டெ-நெய்ஜில அறை எடுத்துப் போன நாள் தொட்டு, அந்தக் கார்தான் அப்பனுக்கும் மகளுக்கும் மிச்சமிருந்த ஒரே வழி. ஆத்துக்கு அங்கால லொங்குய்யில வேலை முடிஞ்சு பாலத்தில நெரிபட்டு வரேக்கை, கார் புளூடூத்தில போன் கோல் எடுப்பார். அவளும் எடுத்துக் கதைப்பாள். "சாப்பிட்டியோ, குளிரோ" எண்டு நாலு கதை கதைச்சு, "உந்தப் படிப்பை ஏன் விட்டனீ?" எண்டு அவர் தொடங்க, டக்கெண்டு அறுந்துபோகும். திருப்பி எடுத்தால், "உங்கட புளூடூத் அப்பா, ஒண்டும் விளங்கேல்லை. பேந்து கதைப்பம்" எண்டுவாள். அந்தப் பேந்து வராது.

காரில இருந்து போனை அழிச்சுத் திரும்பச் சேர்த்தார். காரின்ர சொஃப்ட்வெயரைப் புதுசாக்கினார். கார் வித்த இடத்துக்குப் போய், அவங்கள் பிரெஞ்சில சொன்னது பாதி விளங்காமல், தமிழிலயே ஏசிப்போட்டு வந்தார். ஞாயிறு பூசை முடிய, கோயில் பார்க்கிங்கில வைச்சு எங்கட சனம் சும்மா விடுமே? ஆளாளுக்குக் காருக்குள்ள ஏறியிருந்து, "என்ர போனை ஒருக்காக் கொழுவிப் பாப்பம்" எண்டு கொழுவிச்சினம். பெண்சாதி யோசெப்பினும் தன்ரயைக் கொழுவினா. எல்லாற்ற போனும் மணிமணியா வேலை செய்தது.

"கார் நல்லாத்தானே கிடக்கு, அண்ணை," எண்டான் அந்தக் கூட்டத்தில நிண்ட றெக்ஸ்.

"அப்ப நான் விசரனோ?" அண்டையில இருந்து றெக்ஸோடையும் கதை பேச்சில்லை.

இண்டைக்கு ஒரு முடிவு கட்டுறது எண்டுதான் ஏறியிருந்தார். சேர்த்த போன் எல்லாத்தையும் அழிக்கவேணும். தன்ர போனை நிப்பாட்டிப்போட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணினார். கார் நிண்டது குசினி யன்னலுக்குக் கீழ. உள்ள யோசெப்பின் போனில கதைச்சுக்கொண்டு நிண்டா. கோயிலடியில கொழுவின அவவின்ர போன் காருக்கு ஆப்பிட்டு, கோல் காருக்கு மாறிட்டுது. ஸ்பீக்கரில வினோஜாவின்ர குரல் வந்தது.

"புளூடூத்தாவது மண்ணாங்கட்டியாவது அம்மா! அது நல்லாத்தான் வேலை செய்யுது. அப்பா கத்தத் தொடங்க நான்தான் வெட்டுறனான். ஆனா எடுக்காமலும் இருக்க ஏலாது. முதல் நாலு கதை எவ்வளவு ஆசையாக் கதைப்பார்..."

அருமைநாதனுக்குக் கோபம் உச்சியில ஏறினது. பொய்! இவ்வளவு நாளும் பச்சைப் பொய்! அவர் வாயைத் திறந்தார். உள்ள யோசெப்பின், "ஹலோ, ஹலோ, ஒண்டும் கேக்கேல்லையடி" எண்டு போனைத் தட்டிக்கொண்டு நிண்டா.

"அம்மா? கேக்குதோ?" எண்டாள் மகள்.

ஏச்சு தொண்டை வரைக்கும் வந்திட்டுது. அந்த மனுசன் தன்ர சீவியத்தில ஒரு ஏச்சையும் விழுங்கினதில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சார்.

"கேக்குது பிள்ளை," எண்டார். "அப்பாதான். வெட்டாதை."