விராலுக்கு வைத்த வெடி

வேலுச்சாமி எந்த வம்பையும் வெடி வைத்தே தீர்ப்பவர். எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மருந்து அடைத்தவருக்கு வேறென்ன தெரியும்? இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

அதன்பிறகுதான் மீன் வளர்ப்பு. மானாவாரிக் காடு அவருடையது, போட்ட பணம் பொண்டாட்டி யோகலட்சுமியின் அண்ணன் கண்ணுச்சாமியுடையது. அதில் குட்டை வெட்டி, மண் தண்ணீரைக் குடித்துவிடுமென்று குட்டை முழுக்கக் கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்து, கட்லா, ரோகு மீன் குஞ்சுகளை விட்டார்கள். தொழில் படுத்தால் காடு கண்ணுச்சாமிக்கு, வேலுச்சாமி மறுபடி கம்பெனிக்கு. அதுதான் பேச்சு.

மீன் தின்ன நீர்க்காகம் வந்தது. சரவெடியில் இறகு பிய்ந்து விழுந்தது. திருடன் வந்தான். ராக்கெட்டைப் படுக்க வைத்து விட்டார். பற்றிய வேட்டியோடு அவன் சாத்தூர் வரை வெளிச்சம் காட்டிக்கொண்டே ஓடினானாம்.

கடைசியாக ஒரு விரால். குஞ்சுகளோடு குஞ்சாக வந்து, கூடப் பிறந்ததையெல்லாம் தின்று தொடை கனத்துக்கு ஊதிவிட்டது. பிடிக்கக் கையை விட்டவரின் கட்டை விரல் நகத்தை உரித்துக்கொண்டு போனது.

"வலை போடுவோங்க," என்றாள் யோகலட்சுமி.

"ரெண்டு வலையக் கிளிச்சிருச்சுளா. அதுக்கு மருந்து ஒன்னுதான்."

தேங்காய் பருமனுக்கு ஒரு குண்டு கட்டி, திரியைப் பற்றவைத்து எறிந்தார். குட்டை பனை உயரம் எழுந்து நின்றது. இறங்கியபோது கட்லா, ரோகு அத்தனையும் வயிறு கிழிந்து கரையெல்லாம் கிடந்தன. தாளும் கிழிந்திருந்தது. தண்ணீரை மண் உறிஞ்சி முடித்ததும், அடிச் சேற்றில் அந்த விரால் மட்டும் வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தது.

வேலுச்சாமி மண்வெட்டியோடு குதித்தார். வெட்டினார், வழுக்கி விழுந்தார், வாலால் கன்னத்தில் வாங்கினார். ஏழாவது வெட்டில்தான் அது அடங்கியது. சத்தம் கேட்டு ஓடி வந்த கண்ணுச்சாமி அவரை முடியைப் பிடித்துத் தூக்கி மூக்கில் குத்தினார். இரண்டாவது குத்தில் முன்பல் சேற்றில் விழுந்தது.

"காட்ட எளுதிக் குடுத்துட்டு நாளைக்கே கம்பெனிக்குப் போறீரு. என்ன மாப்ளே?"

வேலுச்சாமி ரத்தத்தைத் துப்பினார். விழுந்த பல்லைச் சேற்றில் துழாவினார்.

யோகலட்சுமி சேற்றில் இறங்கினாள். செத்த விராலை வாலைப் பிடித்துச் சுழற்றி, அண்ணன் காதோடு சேர்த்து ஒரே அறை. செதில் கிழித்துக் கழுத்தில் ரத்தம் வழிய அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணே, கட்லா செத்துச்சு, ரோகு செத்துச்சு. தண்ணியில்லாமயும் உசுரோட கிடந்தது இது ஒன்னுதான். விலையும் இதுக்குத்தான் கூட. அடுத்தாப்ல முச்சூடும் விரால்தான் விடுறோம். தாள் மட்டும் வாங்கிக் குடுங்க."

"மாட்டேன்னா?"

அவள் விராலை மறுபடி தூக்கினாள்.

"எத்தன அடி தாளு?" என்றார் கண்ணுச்சாமி, காதைப் பொத்திக்கொண்டு.