வெட்டுக்கு முன்னால் இரண்டு விநாடி

என் மகள் வீடியோ எடுப்பவள். நல்லதண்ணிப் பக்கம் பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அதற்கான விளம்பரத்தை அவள்தான் எடுத்தாள். தெரியாத ஆட்களோடு தனியாகப் போகிறாளே என்ற பயத்தில், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லய வீடொன்றில்தான் நான் பிறந்தேன். அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்தெடுக்கிறார்.

அடுத்த ஞாயிறு காலை, ஹட்டனில் எங்கள் வீட்டு மேசையில் மகள் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு காட்சியில் மலைக்குக் குறுக்கே மின்கம்பிகள் போகின்றன. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் அவற்றை அழித்துத் தருவார்கள். அதற்குக் கெமராவில் பதிவானதை அப்படியே அனுப்ப வேண்டுமாம்.

திரையில் மலை சாம்பல் பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது. படம் கெட்டுவிட்டதோ என்று பதறினேன்.

"கலரெல்லாம் கடைசியிலதான் போடுவாங்கப்பா. இது கெமரா பாத்தது பாத்தபடி."

விளம்பரத்தில் வரும் பகுதியை மட்டும் கொடுத்தால் போதாதாம். வெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, ஓட்டிக் காட்டினாள்.

அந்த முதல் இரண்டு விநாடியில் அக்கா நின்றார். மலையில் கொழுந்தெடுத்த கோலத்திலேயே வந்தவர். தலையில் துணி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, கையில் தட்டு, தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகள். திரையின் இடது ஓரத்தில் ஒரு கை நீண்டு, கோழியை விரட்டுவதுபோல் இரண்டு தரம் அசைந்தது. என் கை. அக்கா திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு வெறும் மலை.

பக்கத்தில் நின்ற விடுதி மேனேஜர் அது யாரென்று சிங்களத்தில் கேட்டதும், தோட்டத்து ஆள் யாரோ என்று நான் சொன்னதும் படத்தில் இல்லை. இப்போதெல்லாம் வகுப்பில் பிள்ளைகளை அமைதியாக்கக் கையைத் தூக்கினால், பாதியில் இறக்கிவிடுகிறேன்.

முன்பகுதியை எடுத்துவிடச் சொன்னேன். அது அவர்களுக்குக் கட்டாயம் தேவை என்றாள். கொழும்பில் நம்மை யாருக்குத் தெரியும் என்றும் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கம்பியோட சேத்து அத்தையையும் அழிக்கச் சொல்லவாப்பா?"

குரலில் கோபம் இல்லை. எடிட் செய்யும்போதே பார்த்திருக்கிறாள். ஒரு வாரமாக என்னோடு சாப்பிட்டு, சிரித்துப் பேசி, ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் காட்சியை அப்படியே அனுப்பிவிட்டாள்.

வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்க முடிந்தது.

"அன்னைக்குத் தெரியாம குறுக்க வந்துட்டேன் தம்பி," என்றார் அக்கா. "படத்துல விழுந்துட்டேனா?"

"விழுந்துட்டீங்க."

"புள்ள வேலையக் கெடுத்துட்டேனே. அழிக்க முடியும்னா அழிச்சிரச் சொல்லு."

விரட்டியது நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலுக்கு உள்ளே மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம அனுப்பிட்டேன், அதுதான் மனசு கேக்கல," என்றார் அக்கா. "அடுத்த தடவ குடிச்சிட்டுத்தான் போகணும், என்ன?"

சரி என்றேன்.